கடலைக்கு மட்டும் காசு

மிண்டேலோ சதுக்கத்தில் வைஃபை இலவசம் என்று
நகராட்சி பலகை வைத்த நாளிலிருந்து
என் கடலை இரண்டு மடங்கு போகிறது.
பேசுகிற வாய் கொறிக்கக் கேட்கும்.

வாத்திய மேடைக்கு வடக்கே மூன்றாவது பெஞ்ச்,
அங்கே சிக்னல் முழுசாக வரும்.
கழிப்பறைப் பக்கம் ஒரே ஒரு கோடு.
கப்பல் கம்பெனிச் சுவரோரம் நின்றால்
படம் வரும், குரல் வராது.
புதிதாக வருகிறவர்களுக்கு
இதையெல்லாம் சொல்லித்தருவேன்,
ஒரு பொட்டலம் வாங்கினால்.

இந்தத் தீவில் எல்லாருக்கும்
பாதி வீடு வேறெங்கோ இருக்கிறது.
பாஸ்டனில் பனி கொட்டியது,
லிஸ்பனில் வாடகை ஏறியது
எல்லாம் கூடையும் கையுமாய் நின்றபடியே எனக்குத் தெரியும்.
ஆனால் பாதிப் பேச்சுதான் காதுக்கு வரும்.
"அதை அவர்கிட்டயே கேளு."
"எந்தக் கால்ல?"
"இல்லை, பச்சைக் கதவு. பச்சை!"
மீதியை நானே நிரப்பிக்கொள்வேன்.

சூல்மீரா ஒன்பது மணிக்கு வருவாள்,
மீன் கம்பெனி வாடை விரலை விட்டுப் போகாமல்.
அட்டை வாங்கிப் பேசிய காலத்தில்
அவளும் அதெரிட்டுவும் சண்டையே போட்டதில்லையாம்.
நலமா, பணம் வந்தது,
பையனுக்குப் பல் முளைத்தது, வைக்கிறேன்.
கோபப்படக் கட்டுப்படியாகவில்லை.

இப்போது ஓசி.
ஏழு வருஷத்துச் சண்டை
வட்டியோடு வந்து உட்கார்கிறது அந்த பெஞ்சில்.
கூரைக்குத் தகரமா கான்கிரீட்டா,
அவன் தங்கைக்கு எதற்கு ஃபிரிட்ஜ்,
ஞாயிற்றுக்கிழமை பின்னால் சிரித்தது யார்.
அரை மணிக்கு ஒருமுறை இணைப்பு அறுந்துபோகும்,
மறுபடி உள்ளே நுழைய வேண்டும்.
அந்த இடைவெளியில் நாலு கடலையை மென்று
அடுத்த வாக்கியத்தைத் தீட்டிக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை,
தூசிக் காற்று பெஞ்சையெல்லாம் செம்மண்ணாக்கிய ராத்திரி,
"நீ என்னதான் நினைச்சிட்டிருக்கே, நான் என்ன"
என்ற இடத்தில் அவள் சார்ஜ் தீர்ந்தது.
கறுத்த திரையைப் பாவாடையில் தேய்த்துப் பார்த்தாள்.
பாதியில் நின்ற வாக்கியத்தோடு
ஒரு பெண்ணை விட்டுவிட்டு எப்படி வியாபாரம் பார்ப்பது?
என் போனைக் கொடுத்தேன்.
காதில் வைத்தால் கேட்காது,
ஸ்பீக்கர் ஒன்றுதான் வேலை செய்யும் என்றேன்.
எண் அவளுக்கு மனப்பாடம்.
ஒரு இலக்கம் பிசகினால் காசு போன
அந்த நாளின் பழக்கம்.

எடுத்தான்.
டச்சில் ஏதோ சொன்னான், மெதுவாக,
கூடவே தன் பெயரையும்.
பிறகு எங்கள் ஊர் எண் என்று பார்த்திருப்பான்,
கிரியோலுக்கு வந்தான்.
"யாருங்க? கேக்குதா?
பரவாயில்லை, நிதானமாச் சொல்லுங்க.
நான் இருக்கேன்."

சூல்மீரா வாயைத் திறந்தாள்.
மூடினாள்.

அவன் இருந்தான்.
ரோட்டர்டாமில் ஒரு குழாய் நின்றது,
நாற்காலி ஒன்று இழுபட்டது.
இத்தனை மாதம் பாதிப் பேச்சை வைத்து
நான் வரைந்து வைத்திருந்த தடியன் இல்லை இவன்.
விருந்தாளி வந்தால் மட்டும்
அலமாரியிலிருந்து இறங்கும் பீங்கான் கோப்பை போல
தெரியாதவர்களுக்கென்று ஒரு குரல் வைத்திருந்தான்.
வீட்டுக்காரி அதில் ஒரு வாய் குடித்ததில்லை.

"மழை ஏதும் பெஞ்சுதா அங்கே?"
என்று கேட்டான், யாரென்றே தெரியாமல்.

அவள் துண்டித்தாள்.
வாக்கியம் அப்படியே கிடந்தது, நான் என்ன.
போனுக்கு எவ்வளவு என்று பர்ஸைத் திறந்தாள்.
அது சும்மா, கடலைக்கு மட்டும்தான் காசு என்றேன்.
இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு
எதையும் கொறிக்காமல் போனாள்.

மறுநாள் ஒன்பது மணி.
மூன்றாவது பெஞ்ச் காலியாகத்தான் இருந்தது.
அவள் நேராக என்னிடம் வந்தாள்.
கையில் அவள் போன்,
தொண்ணூறு சதவீதம், பச்சைப்பசேல் என்று.
அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு,
"உன்னுதைக் கொடு" என்றாள்.